சிவப்பு விளிம்பு

தையல்காரி என்றுதான் அங்கே எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட ஒழுங்காக வராது. சட்டையில் பித்தான் தெறித்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்புகிற ஆள். அவள் தைப்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில், மனிதர்களின் காதுகளை.

காது மிஷின் செய்கிற கம்பெனி அது. காது மந்தமானவர்களின் காதுக்குள் பசை மாதிரி ஒன்றை விட்டு, இறுகியதும் வெளியே எடுத்து, அதை ஸ்கேன் செய்து, பல ஊர்க் கடைக்காரர்களும் கோப்பாக அனுப்பிவைப்பார்கள். கோப்பைத் திறந்தால் காதுத் துளையின் உருவம் திரையில் வந்து நிற்கும். நிற்கும் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வந்து சேர்வதற்குள் அது கந்தலாகியிருக்கும். மேற்பரப்புத் துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும், ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் முறைத்துக்கொண்டிருக்கும், நடுவில் ஓட்டை வேறு. எங்கெல்லாம் மூடவில்லையோ அங்கெல்லாம் ஒரு சிவப்பு விளிம்பு தெரியும். அந்தச் சிவப்பு முழுவதும் மறைகிற வரை பிரிந்ததைச் சேர்த்து, ஓட்டையை அடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றினாலும் சொட்டுக் கசியாது என்கிற அளவுக்கு மூடித் தருவது அவள் வேலை. பிறகு பிரிண்டர் அதை ஒரு மோல்டாக அச்செடுக்கும். அந்த மோல்டுக்குள் மிஷினை வைத்துக் காதில் மாட்டிக்கொள்வார்கள்.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அந்த மெஷின் அவருக்குச் சோறு போட்டது, பதிலுக்குக் காதை வாங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் எதைச் சொன்னாலும் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்கக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டத் தொடங்கினார். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். சரியாகச் சொன்னால், அவரோடு பேசுவதைத்தான் விட்டாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவரைக் கரித்துக் கொட்டுவதை விடவே இல்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு, குழாயை முழுக்க மூடாததற்கு, செருப்பைக் குறுக்கே விட்டதற்கு, அவருடைய அக்காவுக்கு, அக்கா கல்யாணத்தில் நடந்ததற்கு. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டலாம், பதிலே வராது. அதில் ஒரு சுகம் இருந்தது என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

அவளுக்கு மேலே வேலை பார்ப்பவள் கண்ணாடி அக்கா. கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேஜையெல்லாம் தேடுகிறவள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"ஊரான் காதெல்லாம் தைக்கிற. வீட்டுல இருக்கிற காதை எப்ப தைக்கப்போற?"

சுருக்கென்றது. அந்த வாரமே வீட்டுக்காரரை ஒரு கடைக்குக் கூட்டிப்போய் வலது காதுக்கு அளவெடுத்து, ஸ்கேனை வரவழைத்தாள். வந்த கோப்பைப் பார்த்தால், துளை இரண்டாம் தடவை வளைகிற இடத்தில் பெரிய ஓட்டை. அளவெடுத்த பசை அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. மென்பொருளை விட்டு அடைக்கச் சொன்னாள். அது வழவழவென்று ஒரு பரப்பைப் போட்டு மூடியது. அச்செடுத்து மாட்டினால் விசில் அடித்தது. மோல்டு காதோடு ஒட்டாமல் சந்து விட்டால் அப்படித்தான், வெளியே வருகிற சத்தத்தை மிஷின் மறுபடியும் தானே வாங்கிக்கொண்டு ஊளையிடும். இன்னொன்று செய்தாள், அதுவும் விசில். "எதுக்கும்மா இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு அவர் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதலில் தங்கள் காதை ஸ்கேன் எடுத்து, அதைத் தைத்துத்தான் பழக வேண்டும். ஆகவே அங்கே இருக்கிற எல்லோருடைய காதும் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு விதியும் உண்டு. ஒருவர் காதில் இருக்கும் ஓட்டையை இன்னொருவர் காதிலிருந்து எடுத்த துண்டால் அடைக்கக் கூடாது. எல்லா விதியையும் போல அதையும் யாரும் மதிக்கவில்லை. அவசரத்துக்கு எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், கண்ணாடி அக்கா உட்பட.

தையல்காரி தன் வலது காதைத் திறந்தாள். அதே வளைவில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, கொண்டுபோய் வீட்டுக்காரர் காதில் ஒட்டினாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. இழுத்துச் சரிசெய்யக்கூட வேண்டியிருக்கவில்லை, சிவப்பு விளிம்பு ஒரே தடவையில் மறைந்தது. அவளுக்கே ஆச்சரியம். தன் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் மூடிவிட்டாள்.

அந்த மோல்டு விசில் அடிக்கவில்லை. மாட்டியதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றார். மாடிவீட்டில் யாரோ நாற்காலி நகர்த்துகிறார்கள் என்றார். கண் கலங்கியிருந்தது. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடவே, இனிமேல் இஷ்டத்துக்குத் திட்ட முடியாதே என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்டார்.

"கீபோர்டுல காபி கொட்டிடுச்சே, அது தேறிச்சா?"

காலையில் கண்ணாடி அக்கா தன் கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டுக் குய்யோ முறையோ என்று கத்தியது உண்மைதான். அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது போன் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இவருக்குப் போன் செய்ய யார் இருக்கிறார்கள் என்பது குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான் உறைத்தது.

அதே நாட்களில் அவளுடைய வலது காது மக்கர் செய்யத் தொடங்கியது. போனை அந்தப் பக்கம் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் போனைக் குறை சொன்னாள். பிறகு அழுக்கு சேர்ந்திருக்கும் என்று டாக்டரிடம் போனாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பளிங்கு மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். காலையில் எழுந்ததும் நன்றாகத்தான் கேட்கும். அடுப்படியில் நிற்கும்போது திடீரென்று, யாரோ உள்ளங்கையால் பொத்தியது போல அடைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் அவர் மோல்டை மாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருப்பார். அவர் குளிக்கப் போகும்போது கழற்றுவார், உடனே இவளுக்குக் காது திறக்கும். அவர் துவட்டிக்கொண்டு வந்து மாட்டுவார், அடைக்கும். ஒரு வாரம் இதைப் பார்த்தபிறகும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதுவும் இந்த வேலை பார்க்கிறவளை.

அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கிவிடுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். சண்டை கிண்டை ஏதுமில்லை. சண்டை போடக்கூட வழியில்லாத வீட்டில் இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். மதிய இடைவேளையில் கம்பெனியின் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கையோடு பேசுவாள். மிஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனிமேல் அவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று அவள் மனசுக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள்.

"அடுத்த மாசம் வந்துடறேன்டி. அவர்கிட்ட இன்னும் சொல்லல. கிளம்பற அன்னிக்குச் சொல்லிக்கலாம்" என்று இடது காதில் போனை வைத்துக்கொண்டு சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது, பரணில் இருந்த அவளுடைய பெரிய பெட்டி கூடத்தில் நின்றது. தூசி துடைத்து, கைப்பிடியைத் துணியால் தேய்த்து வைத்திருந்தார். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. எண்ணெய் விட்டிருக்கேன்" என்றார். "உன் தங்கச்சி வீட்டுக்கு மாடி ஏறணும்ல, இழுக்க லேசா இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமாக எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் சொன்னார். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயந்து மூடிக்கொண்டாள்.

காலையில் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் காதுக் கோப்பைத் திறந்தாள். வலது காதில், அந்த இரண்டாம் வளைவில், ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு. அப்புறம் புரிந்தது. அன்றைக்கு அவசரத்தில் அந்தத் துண்டை நகல் எடுக்காமல் வெட்டி எடுத்திருக்கிறாள். நகலுக்கு ஒரு எழுத்து, வெட்டுக்கு ஒரு எழுத்து, கீபோர்டில் இரண்டும் அண்டைவீடு. இந்த வேலையில் எல்லோரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்கிற பிசகு, உடனே கவனித்து ஒரு விசையைத் தட்டினால் சரியாகிவிடும். அவள் கவனிக்கவில்லை, சேமித்து மூடியிருக்கிறாள்.

சரி, திருப்பி ஒட்டினால் போயிற்று என்று வீட்டுக்காரர் கோப்பிலிருந்து அதே துண்டை, இந்தத் தடவை எழுத்தைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்துக் கொண்டுவந்தாள். பொருந்தவில்லை. ஓட்டை அந்தத் துண்டைவிடப் பெரியதாக இருந்தது. நாலு பக்கமும் சந்து விட்டு, கதவைவிடப் பெரிய நிலை போல நின்றது. கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தாள். மோல்டு செய்த அதே நாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. மறுநாள் திறந்தபோது ஓட்டை இன்னும் அகன்றிருந்தது. அதற்கு மறுநாள் துளையின் ஒரு பக்கச் சுவரே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இடது காதைத் திறந்தாள். அதே வளைவில், தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு விட்டிருந்தது.

இரண்டு கோப்புகளையும் மூடினாள். காது போனால் வேலை போகாது, காதைத் தைக்கக் காது வேண்டாம். ஆனால் தங்கையின் குரல், பஸ் வருகிற சத்தம், மழை பிடிக்கிறதா என்று ஜன்னலைப் பார்க்காமலே தெரிந்துகொள்கிற அந்தச் சின்ன விஷயம், எல்லாம் போகும். அவருக்கு எப்படிப் போயிற்றோ அப்படி. போனால் எப்படி இருக்கும் என்பதை அவள் கூடவே இருந்து பார்த்தவள்.

வழி ஒன்றுதான். வீட்டுக்காரருக்கு வேறு மோல்டு செய்து கொடுத்து, இதை வாங்கி உடைத்துவிட வேண்டும். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் அவள் காது வழியாக அவருக்குக் கேட்கும். கண்ணாடி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் திரையில் தட்டிக் காட்டினாள். தயவுசெய்து சத்தமாப் பேசாதீங்க என்று கடைசியில் பெரிய எழுத்தில் போட்டாள்.

கண்ணாடி அக்கா தலைமேலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். படித்து முடித்ததும் முகம் வெளிறிவிட்டது. பிறகு அவளுடைய வலது பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னாள். தையல்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை, திரும்பி உதட்டைப் பார்த்தாள். அக்கா மறுபடியும், நிறுத்தி நிறுத்தி, அந்த அறைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"புதுசு ஒண்ணு பண்ணிக் குடுத்துட்டு, பழசைப் பிடுங்கி நொறுக்கிப் போடு."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் மோல்டைக் கழற்றவில்லை. குளிக்கும்போது தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கழுத்துவரை மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தூங்கும்போதும் அந்தக் காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தார். காலையில் அவளுக்குத் திறந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று. தட்டு வைத்தாள், சாப்பிட்டார். முன்பெல்லாம் அவர் பார்க்காதபோது அவள் பேசுவாள். இப்போது அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் இருமக்கூட யோசித்தாள்.

புதிய மோல்டைச் செய்தாள். ஓட்டையை மென்பொருளையே அடைக்கவிட்டு, முன்பு விசில் அடித்த இடத்தில் கொஞ்சம் பருமன் ஏற்றி, தேய்த்து, மெருகேற்றினாள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனாலும் அவளுக்குத் தெரியும், இதில் சத்தத்தைக் குறைத்து வைத்தால்தான் விசில் வராமல் இருக்கும். தூரத்தில் பேசினால் அவருக்கு எட்டாது. அவருடைய பழைய உலகத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அதைச் சின்னப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு நடந்தாள். கடைத்தெருவில் வழக்கமான கூட்டம். ஒரு பையன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே அவளை உரசிப் போனான், அவன் கட்டைவிரல் அசைவதைப் பார்த்துத்தான் அடிக்கிறான் என்று தெரிந்தது. இடது பக்கமும் மங்கிக்கொண்டு வந்தது. வீட்டுப் படியேறும்போது தன் செருப்புச் சத்தம் வேறு யாரோ பக்கத்துத் தெருவில் நடப்பது போல இருந்தது.

அவர் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"புதுசு கொண்டுவந்திருக்க" என்றார்.

அவள் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "எல்லாம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"எல்லாம்."

"அப்பவே ஏங்க சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார், பிறகு அவளுக்குக் கேட்காது என்று நினைவு வந்து முகத்தை நிமிர்த்தினார். "மொதல்ல திட்டுத்தான் கேட்டுச்சு. அது எனக்குத் தெரிஞ்சதுதான், உன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் பஸ்ல நீ பாட்டு முணுமுணுக்கறது கேட்டுச்சு. ஆபீஸ்ல சிரிக்கறது கேட்டுச்சு. நீ அப்படிச் சிரிப்பியா? இந்த வீட்டுல நான் கேட்டதே இல்லம்மா."

இத்தனை வருஷமாக ஒரு சுவரோடு வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் காத்துக்கொண்டு நின்றது தெரிந்தால் எப்படி இருக்கும். அழுகை வந்தது, பயமும் வந்தது. இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"என் காது போகுதுங்க" என்றாள். "ரெண்டும் போகுது. நீங்க அதைக் கழட்டினாத்தான் எனக்கு நிக்கும்."

"தெரியும். உனக்கு எது கேக்கலையோ அது எனக்குக் கேக்குது."

அவள் பையைப் பிரித்துப் புதிய மோல்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் அதை எடுத்து, மெஷின் உதிரியைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலை என்று அவருக்குத் தெரிந்தது. பழையதைக் கழற்றுவதற்குத்தானோ என்னவோ, ஒரு கை காதுவரை போனது. அங்கேயே நின்றது.

"இதைப் போட்டா நீ பேசறது எனக்குக் கேக்குமா?"

கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றியிருப்பார். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவள் அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம்வரை கேட்டுக்கொண்டிருக்கிற மனிதரிடம் எதைப் பொய் சொல்வது.

"பக்கத்துல இருந்தாக் கேக்கும்" என்றாள்.

புதிய மோல்டைப் பத்திரமாக அவள் உள்ளங்கையில் திருப்பி வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார். பிறகு ஏதோ சொன்னார். அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அப்ப எனக்கு வேணாம், நீதான் பக்கத்துல இருக்கப் போறதில்லையே, என்றார்.

தெரு இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, மாடிவீட்டு நாற்காலி இல்லை. தன் மூச்சுகூட இல்லை.

"நான் போகலைங்க" என்றாள் அவள். வாய் அசைந்தது, தொண்டை அதிர்ந்தது, சத்தம் அவளிடம் வரவில்லை. உண்மையைச் சொல்கிற குரலில் சொன்னாளா, காது திரும்பி வந்தால் போதும் என்கிற குரலில் சொன்னாளா, அது அவளுக்கே தெரியவில்லை. கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவர் கண்ணை மூடி, அந்தக் காதைக் கொஞ்சம் சாய்த்து, இன்னொரு தடவை சொல்லு என்றார்.